உள்ளிப்பாலும் ஒரு திறப்பும்

பந்தைத் தண்டனைப் புள்ளியில் வைத்தாயிற்று. உதைக்கப் போகிறவன் நாலடி பின்னால் போய் நிற்கிறான். கோல் காப்பாளன் கோட்டின்மேல் நின்று இரண்டு கையையும் விரித்துக் குதிக்கிறான். இரண்டு ஊர்ச் சனமும் வாயை மூடிக்கொண்டு பார்க்கிறது. நான் விசில் ஊதவேண்டும். மத்தியஸ்தருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை கிடையாது. விசிலை வாயில் வைத்தேன். வயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒரு முறுக்கு வந்தது. ஊதவில்லை. விசிலைக் கழற்றிக் கோட்டு மத்தியஸ்தரின் கையில் திணித்துவிட்டு ஓடினேன்.

அது யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு பள்ளிக்கூட மைதானம், அரையிறுதி ஆட்டம். கழிப்பறை வகுப்புக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. போய்ப் பார்த்தால் கதவில் பூட்டுத் தொங்கியது. திறப்பு, அதாவது சாவி, காவலாளியிடம். காவலாளி ஐஸ்கிறீம் வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் கட்டட மூலைக்கு வந்து, எழுநூறு எண்ணூறு பேருக்கு முன்னால், என் முழுக் குரலையும் எடுத்துக் கத்தினேன்.

"திறப்பு! திறப்பைக் கொண்டு வாங்கோ!"

கடைசி நொடியில் தப்பினேன். திரும்பி வரும்போது தண்டனை உதையும் முடிந்து, கோலும் விழுந்து, ஆட்டமும் முடிந்துவிட்டிருந்தது. தோற்ற அணிக்காரர், ரெப்ரியான என் வயிறுதான் தங்களைத் தோற்கடித்தது என்று சண்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒருவன் எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் எடுத்திருந்தான். அன்று பொழுதுபடுவதற்குள் என் கத்தல் குடாநாடு முழுக்கப் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் எந்த மைதானத்துக்குள் கால் வைத்தாலும் வேலியோரத்திலிருந்து ஒரு குரல் வரும்.

"ரெப்ரி, திறப்பு இருக்கோ?"

எனக்குக் கோபம் கெதியாக, சட்டென்று வரும். கிழமை நாட்களில் நெல்லியடியில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஆணி நிறுத்தும் பைப் அளந்தும் கொடுக்கிறவன் நான். சனி ஞாயிறில் விசிலோடு மைதானத்துக்குள் இறங்கினால்தான் எனக்கு நான் யாரென்று தெரியும். பதினெட்டு வருடம் அப்படி ஓடியிருக்கிறேன். என்னை விட இரண்டு மடங்கு தோள் உள்ள கரையூர்ப் பெடியள் என் மூக்குக்கு முன்னால் வந்து நின்று கத்தியபோதும் ஓரடி பின்வாங்கினதில்லை. அப்படிப்பட்டவனை ஒரு முழக் குடல் ஓட ஓட விரட்டியது. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

மத்தியஸ்தர் சங்கத் தலைவர் என்னைக் கூப்பிட்டுக் கதைத்தார். நல்ல மனிதர், சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"தம்பி, உன்ரை தீர்ப்பிலை எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா இன்னொருக்கா ஆட்டத்துக்கு நடுவிலை வெளியிலை போனியெண்டா, பிறகு உனக்கு ஆட்டம் தர என்னாலை ஏலாது. வருத்தத்தை மாத்திப்போட்டு வா."

வருத்தத்தை, இந்த வயிற்று நோயை, மாற்றத்தானே நானும் ஆறு வருடமாகத் தவிக்கிறேன். ஒரு நாள் வயிறு ஊதும், ஒரு நாள் போகாது, ஒரு நாள் போவதை நிறுத்தாது. குத்துத் தொடங்கினால் கடைக் கல்லாவில் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பேன். கீரிமலை ஊற்றுக் கேணியில் போய் முழுகினால் சரிவரும் என்று ஒருவர் சொன்னார். போய் முழுகினேன். சுகமாகத்தான் இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸுக்குள் குத்துத் தொடங்கிவிட்டது.

கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு பெண் வைத்தியரிடம் போனேன். இரத்தம் சோதித்தார்கள், மலம் சோதித்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள். எல்லாச் சோதனைத் துண்டையும் பார்த்துவிட்டு அவர் சொன்னார்.

"உங்கடை குடலிலை புண்ணும் இல்லை, கட்டியும் இல்லை. இது கெதியா எரிச்சல்படுற குடல். சாப்பாட்டுக்கும் எரிச்சல்படும், மனப்பயத்துக்கும் எரிச்சல்படும்."

"அப்ப எனக்கு ஒண்டும் இல்லையெண்டு சொல்லுறியளோ, டொக்டர்?"

"ஒண்டும் இல்லையெண்டு நான் சொல்லேல்லை. நோ மெய்தான். ஆளைக் கொல்லாத நோ, அவ்வளவுதான்."

நோ, என் வலி, மெய்தான் என்று ஆறு வருடத்தில் முதல் முறையாக ஒருவர் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க இருமினேன். அவர் குளிசை எழுதித் தந்தார். இரத்தம் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, காரணமில்லாமல் நிறை குறைந்தாலோ, நித்திரையிலிருந்து எழுப்புகிற நோ வந்தாலோ உடனே வரச்சொன்னார். பிறகு ஒரு வேலையும் தந்தார்.

"என்னத்தைச் சாப்பிட்டனீங்கள், எத்தினை மணிக்கு நோ வந்தது எண்டு ஒவ்வொரு நாளும் ஒரு கொப்பியிலை எழுதுங்கோ. ரண்டு மாதத்துக்குப் பிறகு கொண்டு வாங்கோ."

எழுதுவது எனக்குப் புதிய வேலையா? எந்த நிமிடத்தில், எந்த இலக்கக்காரன், என்ன குற்றம் என்று பதினெட்டு வருடம் எழுதியவன். மத்தியஸ்தர் கொப்பி ஒன்றையே எடுத்து அதே முறையில் எழுதத் தொடங்கினேன். முதல் கிழமையே மிளகாய்த்தூளுக்குச் சிவப்பு அட்டை காட்டினேன். அடுத்த கிழமை நண்டுக் கறிக்கு. பிறகு ஒடியற்கூழுக்கு. பிறகு பலாக்கொட்டைக்கு. வீட்டில் ஒவ்வொன்றாக வெளியேற, மனைவி வெள்ளைக் கறியும் சோறுமாகச் சமைத்தாள். தானும் அதையே சாப்பிட்டாள். ஒரு வார்த்தை முறைப்பாடு சொன்னதில்லை. நான்தான் சோற்றுக் கோப்பையைப் பார்த்துப் பார்த்து எரிந்து விழுந்தேன்.

அப்படியும் குத்து நிற்கவில்லை.

குத்து வரும்போதெல்லாம் மனைவிக்கு ஒரு கைமருந்து இருந்தது. உள்ளிப்பால். வெள்ளைப்பூண்டுக்கு எங்கள் பக்கத்தில் உள்ளி என்று பெயர். ஏழெட்டுப் பல்லை உரித்துப் பாலில் போட்டு, குழையும் வரை காய்ச்சி, கொஞ்சம் மஞ்சளும் மிளகும் சேர்த்துத் தருவாள். வாயுவை உடைக்கும், வயிற்றை ஆற்றும் என்று எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் நம்பிக்கை. நானும் நம்பினேன். குடித்ததும் சூடு இறங்கிக் கொஞ்சம் இதமாகத்தான் இருக்கும். ஆட்டம் உள்ள நாளில் நான் கேட்காமலே காலையில் ஒரு கோப்பை, மத்தியானம் ஒரு கோப்பை வந்துவிடும்.

"ஓடுற நாளெல்லோ. முன்கூட்டிக் குடிச்சிட்டுப் போங்கோ," என்பாள்.

கந்தசஷ்டி வந்தது. மனைவி ஆறு நாளும் விரதம். நான் விரதகாரன் இல்லை, ஆனால் அந்த ஆறு நாளும் அவள் உள்ளியைத் தொடமாட்டாள், அடுப்படிக்குள்ளும் விடமாட்டாள். எனக்கு மரக்கறிச் சோறு கிடைக்கும், உள்ளிப்பால் கிடையாது. ஆறு நாளும் எனக்கு ஒரு குத்தும் வரவில்லை. கொப்பியில் ஆறு பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. ஏழாம் நாள் விரதம் முடிந்து பாறணைச் சாப்பாடு சாப்பிட்டோம். அவள் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் இருந்தாள்.

"இஞ்சேருங்கோ, உந்த ஆறு நாளும் ஏன் ஒண்டும் எழுதேல்லை?"

"குத்து வரேல்லை. எழுத ஒண்டுமில்லை. முருகன் கண் திறந்திட்டார்."

"முருகனை விடுங்கோ." விரதம் இருந்தவளே அப்படிச் சொன்னாள். பின்னுக்குப் போய் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். "இதிலை தேத்தண்ணி எழுதியிருக்கிறியள், வாழைப்பழம் எழுதியிருக்கிறியள், வெத்திலை போட்டதைக்கூட எழுதியிருக்கிறியள். உள்ளிப்பாலை எங்கை எழுதினனீங்கள்?"

"அதை ஏன் எழுதுறது? டொக்டர் சாப்பாட்டைத்தானே எழுதச் சொன்னவ. அது மருந்தெல்லோ."

அவள் பென்சிலை எடுத்தாள். எந்தெந்த நாளில் உள்ளிப்பால் காய்ச்சினாள் என்பது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த நாட்களுக்கு நேரே ஒவ்வொரு சின்ன வட்டம் போட்டாள். வட்டம் போட்ட நாளெல்லாம், குடித்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் பெரிய குத்து வந்திருந்தது. ஆட்ட நாள்களில் இரண்டு இரண்டு வட்டம். திறப்பு கேட்டு நான் கத்திய அரையிறுதி நாள் கொப்பி தொடங்க முன்னம் வந்தது. அதற்கு வட்டம் போட இடமில்லை. ஆனால் அன்று நான் இரண்டு கோப்பை குடித்துவிட்டுப் போனது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பென்சிலை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்தினாள்.

"ஆறு வருசமா நான்தானே உங்களுக்குக் குத்தைக் காய்ச்சித் தந்திருக்கிறன்."

எனக்கு மைதானத்தில் அழுகிறவனைப் பார்த்தால் எழும்படா என்று அதட்டிப் பழக்கம். இவளை அதட்ட முடியுமா? "பிழை உன்னிலை இல்லையப்பா," என்றேன். "எழுதாமல் விட்டவன் நான். ரெப்ரி பார்க்காத குற்றத்துக்கு ஆட்டக்காரன் என்ன செய்வான்?" அவள் அழுகைக்குள்ளேயே சிரித்தாள். அந்த ஆறு வருட உள்ளிப்பாலில் இருந்த அன்பை நினைத்து நானும் அழுதேன். என்னை அவ்வளவு பார்த்துப் பார்த்துக் கெடுத்தவர் வேறு யாரும் இல்லை.

வைத்தியரிடம் கொப்பியைக் கொண்டுபோனோம். வட்டங்களைப் பார்த்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். எல்லா வயிறும் உள்ளியோடு கோபிக்காது, இந்த மாதிரிக் குடல் உள்ள பலருக்கு உள்ளி ஒத்துக்கொள்ளாது, சிலருக்குப் பாலும்தான் என்றார். மூன்று கிழமை இரண்டையும் விட்டுவிட்டுப் பிறகு தனித்தனியாகக் கொஞ்சம் சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். உள்ளிக்கு இரண்டு மணித்தியாலத்தில் பதில் வந்தது. பாலுக்கு வயிறு முணுமுணுத்தது, அவ்வளவுதான். ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு மஞ்சள். மிளகாய்த்தூளை அளவோடு திரும்பக் கூப்பிட்டோம். ஐந்து மாதத்துக்குப் பிறகு உறைப்பாக ஒரு மீன்குழம்பு வாயில் பட்ட நாளில், நான் மேசையில் கையால் தட்டிச் சிரித்தேன்.

கஷ்டம் வெளியில்தான். எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் போய்ப் பால்தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்வதைவிட, அந்த வீட்டுப் பெடியனுக்குச் சிவப்பு அட்டை காட்டுவது சுகம். "எங்கடை வீட்டிலை ஒண்டும் குடிக்கமாட்டியளோ?" என்று முகம் வாடும். வெறுந்தேத்தண்ணியும் ஒரு துண்டுக் கற்கண்டும் தாருங்கள் என்று கேட்டு வாங்கிக் குடிக்கப் பழகினேன்.

குத்து அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். மாதத்தில் ஒன்றிரண்டு தரம் எட்டிப் பார்க்கும். அதற்கும் வீட்டில் ஒரு முறை வைத்துக்கொண்டோம். என் பழைய கறுப்பு மேஸ் ஒன்றை, அதாவது முழங்கால் வரை இழுத்துப்போடுகிற மத்தியஸ்தர் காலுறையை, மனைவி நன்றாகத் தோய்த்து உலர்த்தி, அதற்குள் வறுத்த கல்லுப்பைப் போட்டு முடிச்சுப் போடுவாள். சூட்டைத் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என் வயிற்றில் வைப்பாள். நான் இடப்பக்கம் சரிந்து, முழங்காலை மடித்துக்கொண்டு படுப்பேன். ஆட்ட மணிக்கூட்டைக் கையில் பிடித்து, நாலு எண்ணி மூச்சை வயிறு வரை இழுத்து, ஆறு எண்ணி விடுவேன். கொஞ்சம் இளகியதும் எழும்பிக் கிணற்றைச் சுற்றி மெல்ல நடப்பேன். பெரும்பாலும் அரை மணித்தியாலத்தில் விட்டுவிடும்.

அடுத்த வருடம் இறுதியாட்டத்துக்குத் தலைவர் என் பெயரைப் போட்டார். அதே பள்ளிக்கூட மைதானம். ஒரு பக்கம் கரையோர அணி, மறுபக்கம் தோட்டக்கார ஊர் அணி. "இதுதான் உனக்குப் பரீட்சை," என்று மட்டும் சொன்னார்.

ஆட்டம் பின்னேரம் நாலு மணிக்கு. பன்னிரண்டு மணிக்குக் குத்துத் தொடங்கிவிட்டது.

அன்று உள்ளி இல்லை, பால் இல்லை, கொப்பி சுத்தம். குத்து மட்டும் பழைய குத்து. கட்டிலில் சுருண்டு கிடந்தேன். மனைவி மேஸை வயிற்றில் வைத்துவிட்டு, குளிசையையும் தண்ணீரையும் நீட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

"ஏலாதெண்டா சொல்லுங்கோ. நான் தலைவருக்குப் போன் எடுக்கிறன்."

"கொஞ்சம் பொறு," என்றேன். நாலு, ஆறு. நாலு, ஆறு. கண்ணை மூடினால் அந்தக் கதவும் அந்தப் பூட்டும்தான் வந்தன. எண்ணிக்கொண்டே கிடந்தபோது எனக்கு விளங்கியது: என்னைச் சுருட்டிப் போட்டிருப்பது நாலு மணி ஆட்டமில்லை, வயிறுகூட இல்லை, அந்தப் பூட்டிய கதவு. டொக்டர் சொன்ன மனப்பயம் இதுதான். கதவு திறந்து கிடந்தால் நான் எதற்குப் பயப்படவேண்டும்?

ஒரு மணிக்கு எழும்பிக் கிணற்றைச் சுற்றி நடந்தேன். ஒன்றரைக்குக் கஞ்சியும் உப்பும் குடித்தேன். இரண்டரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தபோது, இத்தனை வருடத்தில் ஒரு ஆட்டத்துக்கும் வராத மனைவி, கைப்பையோடு வந்து பின்னால் ஏறினாள்.

"நீ எங்கை?"

"நானும் வாறன். சைக்கிளை எடுங்கோ."

மைதானத்துக்கு இன்னும் ஒரு சனமும் வரவில்லை. காவலாளி கதிரையில் இருந்தார். நேரே அவரிடம் போனேன்.

"அண்ணை, கழிப்பறைத் திறப்பைத் தாங்கோ. ஆட்டம் முடியத் தாறன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஞாபகம் வந்துவிட்டது, மீசைக்குள் சிரித்தார். திறப்போடு கட்டியிருந்த பலகைத் துண்டைக் கழற்றிவிட்டுத் திறப்பைத் தந்தார். அதை என் காற்சட்டைப் பையில், அட்டைகளுக்குப் பக்கத்தில் போட்டேன். போட்டதும் வயிறு தன் பிடியை விட்டதை நான் உணர்ந்தேன். நல்ல பிள்ளையாக அடங்கிக் கிடந்தது.

ஆட்டம் தொடங்கியது. முதற் பாதியில் கரையோர அணி ஒரு கோல், இடைவேளைக்குப் பிறகு தோட்டக்காரர் ஒரு கோல். நான் ஓடினேன். முன்னைப்போல ஓடினேன். எண்பத்து மூன்றாம் நிமிடம், தண்டனைப் பரப்புக்குள் கரையோர அணிப் பின்காவலன் ஒருவன் மற்றவனின் காலை வாரினான். என் கண்ணுக்கு முன்னால் நடந்தது. விசில் ஊதிப் புள்ளியைக் காட்டினேன்.

பந்தை வைத்தாயிற்று. உதைக்கப் போகிறவன் நாலடி பின்னால் போனான். கோல் காப்பாளன் குதித்தான். சனம் வாயை மூடியது. அந்த அமைதிக்குள் வேலியோரத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ரெப்ரி, திறப்பு இருக்கோ?"

சிரிப்பு ஒரு பக்கமிருந்து மற்றப் பக்கம் ஓடியது. நான் பைக்குள் கையை விட்டேன். மஞ்சள் அட்டை வரப்போகிறது என்று எல்லோரும் பார்த்தார்கள். திறப்பை எடுத்து, அட்டை காட்டுவதுபோலத் தலைக்கு மேலே நேராகப் பிடித்தேன். குரல் வந்த திசைக்கு ஒரு தரம், மற்றத் திசைக்கு ஒரு தரம் காட்டினேன்.

ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் முழு மைதானமும் சிரித்துக் கைதட்டியது. இந்த முறை நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். கோல் காப்பாளன்கூடக் குதிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். திறப்பைப் பைக்குள் போட்டேன். விசிலை வாயில் வைத்தேன். ஊதினேன்.

சிரித்த அந்தக் கோல் காப்பாளன் இடப்பக்கம் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டான்! ஆட்ட நேரம் முடிந்தபோதும் ஒன்றுக்கு ஒன்று. மேலதிகமாக முப்பது நிமிடம். தொண்ணூறு நிமிடம் நின்றால் போதும் என்று வந்தவனுக்கு நூற்றிருபது கிடைத்தது. நூற்றேழாம் நிமிடத்தில் வயிற்றின் இடப்பக்கத்தில் ஒரு சின்னக் குத்து. ஓடிக்கொண்டே நாலு எண்ணி இழுத்தேன், ஆறு எண்ணி விட்டேன். போய்விட்டது. நூற்றுப் பதினான்கில் தோட்டக்காரர் கோல் போட்டார்கள். நூற்றிருபது முடிந்ததும் என்னிடம் இருந்த மூச்சு முழுவதையும் போட்டு ஊதினேன். அவ்வளவு நீளமாக நான் எந்த ஆட்டத்தையும் முடித்து வைத்ததில்லை.

தலைவர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாற மாதம் மூண்டு ஆட்டம் இருக்கு," என்றார். ஏற்பாட்டாளர் ஒருவர் பிளாஸ்டிக் கோப்பையில் பால்தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினார். நான் வாயைத் திறக்க முன்னம், சனத்தை விலக்கிக்கொண்டு வந்த மனைவி, "அவருக்கு நான் வெறுந்தேத்தண்ணி கொண்டந்தனான்," என்று கைப்பையைத் திறந்து பிளாஸ்கை எடுத்தாள். பிளாஸ்குக்குப் பக்கத்தில், உப்பு நிரப்பிய கறுப்பு மேஸ் முடிச்சோடு கிடந்தது.

"உதை ஏன் காவிக்கொண்டு வந்தனீ?"

"தேவைப்பட்டாலும் எண்டுதான்," என்றாள். கண் சிவந்திருந்தது.

அப்போது காவலாளி வந்து கையை நீட்டினார். திறப்பை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, ஒரு நோயாளியைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"கதவைத் திறந்து பாவிச்சனீங்களோ?"

"இல்லை!" என்றேன், வேலியோரம் வரை கேட்கும்படி.